இன்னும் கொஞ்சம் சத்தமா

நேத்து சாயங்காலத்துல இருந்து பிள்ளை அசையவே இல்லையாம். அதை இப்போ, மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச பொறவு சொல்லுறா யுவராணி.

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை என்ன செய்யலாம்னே தெரியலை. எட்டு மாச வயிறு. ஜெயிலா இருந்தா என்ன, வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?

ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைச் சிறைக்கு வாரம் ஒரு தடவை வந்து போற நர்ஸ் நான். டாக்டருக்குப் போன் போட்டாச்சு, ஆம்புலன்ஸ் வருது. அதுவரைக்கும் என் கையில இருந்தது, வயித்துக்குள்ள துடிப்பைக் கேக்குற சின்ன மெஷின் மட்டும்தான்.

அவளைப் பாயில படுக்க வச்சு, ஜெல் தடவி, மெஷின் பெட்டியில இருந்து வயர்ல வர்ற மைக்கை வயித்துல வச்சேன். கரகரன்னு இரைச்சல். மேல ஃபேன் வேற உயிரை வாங்குச்சு.

வார்டர் வேலுத்தாய் அக்கா எந்திரிச்சுப் போய் ஃபேனை நிறுத்துனாங்க. கதையளந்துக்கிட்டு இருந்த மத்த பொம்பளைங்களும் தானா வாயை மூடிக்கிட்டாங்க.

வெயில் கம்பி வழியா உள்ள வந்து தரையில படுத்துக் கிடந்துச்சு. கிணத்துக்குள்ள முங்குன மாதிரி, ஊரு, ரோடு, பஸ் சத்தம் எல்லாமே எங்கேயோ தள்ளிப் போயிருச்சு.

டொம்... டொம்...

"ஆத்தாடி"ன்னா ஒருத்தி. நான் யுவராணியோட கையில நாடி பிடிச்சுப் பார்த்தேன். ரெண்டும் ஒண்ணாப் போச்சு. அது தாயோட துடிப்பு.

அவ அழலை. கண்ணை மூடி, மூச்சையும் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தா. நான் மைக்கை அங்கயும் இங்கயும் நகர்த்துனேன். எங்கடா கண்ணு இருக்க, ஒரு தடவை சத்தம் குடுத்துருன்னு உள்ளுக்குள்ள கெஞ்சுனேன்.

தொப்புளுக்குக் கீழ, இடப்பக்கமா மைக்கைச் சாய்ச்சேன்.

வந்துச்சு. எங்க தெருவுல தறி ஓடுற மாதிரி, டடக் டடக் டடக்னு அம்புட்டு வேகமா.

எவளோ சிரிச்சா, எவளோ அழுதா. எனக்கே கண்ணு நிறைஞ்சிருச்சு, மறைப்பானேன்.

"சிஸ்டர், இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க"ன்னா யுவராணி.

வச்சேன். அவ தலையாட்டுனா, பத்தலையாம். முழுசாத் திருகி வச்சேன்.

மைக்கை வயித்தோட அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு அவ மெதுவா எந்திரிச்சா. வயர் குட்டை. பெட்டி என் கையில. ஏட்டி, விழுந்து கிழுந்து தொலைச்சிராதன்னு வைஞ்சுக்கிட்டே, கயித்துல கட்டுன கன்னுக்குட்டியா நானும் பின்னாலயே போனேன்.

பின்சுவர்கிட்டப் போய் நின்னா. என் கையைப் பிடிச்சு, பெட்டியோட மேல தூக்குனா, காத்து வர்ற ஓட்டை வரைக்கும்.

டடக் டடக் டடக்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆம்பளைங்க இருக்குற இடம்.

 அங்க இருந்து ஒரு ஆம்பளை வாய்விட்டு ஓன்னு அழுதான்.

யுவராணி நெத்தியைச் சுவர்ல சாய்ச்சுக்கிட்டா. அப்பத்தான் அவளும் அழுதா.

"அவ புருசன், சிஸ்டர். ரெண்டு பேரும் ஒரே கேஸு"ன்னு வேலுத்தாய் அக்கா என் காதுல சொன்னாங்க.

நான் பயந்து போய் அவுங்க முகத்தைப் பார்த்தேன். அந்தச் சுவர் பக்கம் பேச்சுக் குடுக்க எவளாவது நின்னாலே கம்பைத் தட்டி விரட்டுற ஆளு.

"பேசத்தானே கூடாது"ன்னு சொல்லிட்டு, அக்கா வாசல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாங்க.