வெள்ளிக்கிழமை நடுக்கம்

"நிப்பாட்டு சுடலைமுத்து! திரும்ப ஆடுது!"

அலவி போட்ட சத்தத்துல சந்துல போன பூனை கூட நிண்டு பார்த்திச்சு.

கொழும்பு கொட்டாஞ்சேனையில மேல வீடு, கீழ வேர்க்ஷொப். முகத்துவாரத்து போட் ஆக்களுக்கு இரும்புத் தட்டுல ஓட்டை போட்டுக் குடுக்கிறதுதான் அலவிட தொழில். அதுக்கு இருக்கிறது ஒரே ஒரு ட்ரில் மெஷின். மூணு மாசமா அதுக்கு ஒரு வியாதி பாருங்க. வெள்ளிக்கிழமை விடிஞ்சா நடுங்கும். பிட்டோட நுனி ஒரு இடத்துல நிக்காம, யாரையோ தேடுற மாதிரி வட்டம் போடும். ஓட்டை முட்டை மாதிரி விழும்.

அதவிடப் பயம் என்னண்டா, ஜும்ஆ தொழுதிட்டு வந்து சுவிட்ச்சப் போட்டா கல்லு மாதிரி நிக்கும்.

பெயாரிங் மாத்தினான். பெல்ட் மாத்தினான். வியாழன் பின்னேரம் ஆட்டம் அளக்குற டயல் வச்சுப் பார்த்தா முள்ளு அசையாது. வெள்ளி காலையில துடிக்கும்.

மருதானையில ஒரு மனுசன் மௌத்தாகி, அவர்ட பொஞ்சாதிட்ட வாங்கின மெஷின் அது. அந்த மனுசிட வட்டிலாப்பத்துக்கு நுகேகொடையில இருந்தெல்லாம் ஆள் வரும், கருப்பட்டிய வேற ஒருத்தரையும் தொட விடமாட்டா... அத விடுங்க. அவட புருசன் இந்த மெஷின்ட கைபிடியப் பிடிச்ச பிடியிலயே போனவர். விரலப் பிரிக்க மூணு பேர் வேணுமாயிருந்திச்சாம். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை.

அந்தக் கதை சந்துக்கே தெரியும். நடுங்குற கதைய மட்டும் அலவி மேல வீட்ல சொல்லல்ல. பொஞ்சாதி ஹப்ஸா பயந்தவ, மகன் ஷாமில் சின்னவன். அலவிக்கு தாயத்து, நூல், நேர்ச்சை ஒண்டும் பிடிக்காது. கூட வேலை செய்யிற சுடலைமுத்துவையும் மெஷினுக்குப் பொட்டு வைக்க விட்டதில்ல. அப்பிடிப்பட்ட ஆளே இப்ப ஆயத்துல் குர்ஸி ஓதாம சுவிட்ச்சத் தொடுறதில்ல.

அண்டைக்கு மருதானையில இருந்து பௌஸி நாநாவக் கூப்பிட்டான். மெஷின் வைத்தியர். ஒரு காது கேக்காது, அதால ரெண்டு காதுக்கும் சேர்த்துக் கத்துவார்.

"பிட்டக் கவ்வுற சக்கோட தண்டு மேல போய்ப் பொருந்துற இடத்தப் பார்த்தியா? அங்க மயிர் தடிப்புக்கு அழுக்கிருந்தாலும் கீழ பிட்டு கூத்தாடும்!"

தண்டக் கழட்டுற ஆப்ப வச்சு ஒரு தட்டு. சக்கு தண்டோட கையில விழுந்திச்சு.

தண்டுல, பெருவிரல் அகலத்துக்கு, மஞ்சளா ஒரு பூச்சு. சந்தனம்.

"செய்வினை!" எண்டார் பௌஸி. சந்து முழுக்கக் கேட்டிச்சு; ஹப்ஸா மட்டும் அந்நேரம் சந்தைக்குப் போயிருந்தா.

அலவி திரும்பினான். "சுடலைமுத்து, இந்த ஆப்பு யார்ட பொறுப்புல ஈக்கி?"

"ஏங்கிட்டதானுங்க மொதலாளி."

"இத வெச்ச யாரு?"

"நாந்தானுங்க."

"எத்தினை தரம் சென்னன், என்ட மெஷின்ல இதெல்லாம் வேணாமெண்டு! ஏன் வெச்ச?"

சுடலைமுத்து காலையே பார்த்துக்கொண்டு நிண்டான். "அத மட்டும் கேக்காதீங்க மொதலாளி."

பதினெட்டு வருசம் ஒண்டா வேலை செய்த ஆள். பெருநாளுக்கு இங்க புரியாணி, தீபாவளிக்கு அங்க முறுக்கு. ஆனாலும் சொல்லிட்டான்.

"நான் ஜும்ஆக்குப் போய்ட்டு வாறன். வரக்குள்ள நீ இங்க ஈக்கப்படாது."

வந்து பார்த்தா, மெஷின் மேல மடிச்சு வச்ச ஏப்ரனும் ஆப்பும். ஆள் இல்ல. அவன்ட ஊர் ஹட்டனுக்கு பஸ் ஏறிட்டான் எண்டு கேள்வி.

ஆறு நாள் மெஷின் கல்லு மாதிரி ஓடிச்சு.

அடுத்த வியாழன் அலவி தன்ட கையாலயே கதவப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகினான். வெள்ளி காலையில திறந்து சுவிட்ச்சப் போட்டான்.

நடுங்கிச்சு. முந்தினதவிட மோசமா.

சுவிட்ச்ச நிப்பாட்டின பிறகும், ஒருத்தரும் தொடாத கைபிடி லேசா ஆடிக்கொண்டிருந்திச்சு. அலவிக்கு வாயில ஆயத்து வரல்ல. ஆப்ப எடுத்துத் தட்டினான்.

தண்டுல சந்தனம். ஈரம் கூடக் காயல்ல.

சக்கு கை நழுவி நிலத்துல விழுந்திச்சு.

"என்ன சத்தம்?" வீட்டுக்குள்ளால இறங்குற படிக்கட்டு வழியா ப்ளேன்டீயோட வந்தா ஹப்ஸா. தண்டப் பார்த்தா. புருசன்ட முகத்தப் பார்த்தா. கோப்பையக் கீழ வச்சா.

"ஏசாதீங்க, ஷாமில்ட வாப்பா. நான்தான் வெச்ச."

"நீயா? கோயில் சந்தனத்தயா?"

"கோயில் இல்ல. நம்மட அவ்லியா அடங்கின ஸியாரத்துச் சந்தனம். வியாழக்கிழமையில போய் எடுத்திட்டு வாற. கைபிடியோட மனுசன் மௌத்தான மெஷின்ல நீங்க கை வெக்கக்குள்ள எனக்கு உயிர் உயிரா இல்ல. தெரிஞ்சா ஏசுவீங்கண்டு உள்ளுக்கு மறச்சு வெக்கச் சென்னன். வெள்ளி பாதி நாள் இருந்தாப் போதுமெண்டு ஜும்ஆ நேரம் துடைச்சிருவான்."

"சுடலைமுத்துவா?"

"வேற யாரு? எனக்காகத்தான் வெச்ச. ஒருத்தருக்கும் செல்லமாட்டேண்டு சத்தியம் பண்ணித் தந்தவன்."

அலவி ஸ்டூல்ல இருந்திட்டான். "அவன் உனக்கிட்ட என்ன சென்னான், போகக்குள்ள?"

"ஊர்ல அவசர வேலையாம். போன வெள்ளி நீங்க பள்ளியில ஈக்கக்குள்ள என்னக் கீழ கூப்பிட்டு, ஆப்பத் தட்டுற விதம் பழக்கித் தந்திட்டுத்தான் போனான். 'மெல்லிசாப் பூசுங்க தங்கச்சி, தடிச்சா வேலை கெட்டுப் போயிரும். ஆனா ஒரு வாரமும் விட்றாதீங்க, மொதலாளி கை பத்திரம்'ண்டு."