மரை கழண்டது யாருக்கு?

"மருமக என் ஸ்க்ரூட்ரைவரை ஒளிச்சு வச்சுட்டாம்மா."

அப்பா போனில் சொன்ன இந்த ஒரு வரி போதும் மகளுக்கு. மறுநாள் காலையே காலிப் பையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பாவின் துணிமணிகளை அடைத்துக்கொண்டு போகத்தான் அந்தப் பை.

கதவைத் திறந்தது அண்ணி. "வா, வா, உட்காரு" என்று சொல்லிவிட்டு மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். மெஷின் பாகங்களை டிசைன் செய்வது அவள் தொழில்.

அப்பா ஜன்னலோரம் தன் வெறுங்கைகளைப் பார்த்தபடி இருந்தார். ஆயுசு முழுக்க ரேடியோ ரிப்பேர் பார்த்த கைகள். இப்போதெல்லாம் நினைவு வருகிறது, போகிறது. எப்போதோ மூடிய கடை மட்டும் மறக்கவில்லை.

"வாம்மா" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "கடை திறக்கவே விடமாட்டேங்கறா."

மகள் நேரே அண்ணியிடம் போனாள். "ஒரு ஸ்க்ரூட்ரைவர் அண்ணி! அதைக்கூடவா பிடுங்கணும்?"

"சுவிட்ச்போர்டைக் கழட்டிட்டார். கரண்ட் இருக்கும்போதே."

"எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்க மாட்டாரா?"

"சொன்னேன். அஞ்சு நிமிஷம் புரிஞ்சுது."

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. திரையில் ஒரு பெட்டி. நாலு மூலையிலும் துளை.

"சாயங்காலம் அண்ணன் வரட்டும். சொல்லிட்டு அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்."

"ம்" என்றாள் அண்ணி. அதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். டிசைனை பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் எடுத்துத் தரும் கடைக்காரர்.

"மேடம், மூணு மில்லி ஸ்க்ரூவுக்கு நாலு மில்லி துளை போட்டிருக்கீங்க. கை தவறிடுச்சுன்னு நானே மூணாக்கிட்டேன்."

"யாரைக் கேட்டு? ஸ்க்ரூ பிளாஸ்டிக்ல போகப் போறதில்லைங்க. உள்பக்கம் மரை வெட்டின பித்தளை இன்சர்ட் வைக்கப் போறேன். துளை அதோட அளவுக்கு. சூடு பண்ணி இறக்கினா, பிளாஸ்டிக் உருகி அதைக் கவ்விப் பிடிச்சுக்கும். உருகினது போய் உட்காரத்தான் அடியில கூடுதல் ஆழம் விட்டேன். அதையும் குறைச்சீங்களா?"

கடைக்காரர் இழுத்தார். "கொஞ்சூண்டு."

"வெறும் துளைன்னு போட்டது என் தப்பு. இப்ப இன்சர்ட் துளைன்னே குறிச்சு, ஆழத்தோட அனுப்பறேன். ஒரு புள்ளி மாத்தக் கூடாது."

"ஏன் மேடம் இவ்வளவு பாடு? போன தடவை நல்லாத்தானே இருந்துது?"

"என்ன நல்லா இருந்துது? ரெண்டே நாள்ல மரை கழண்டுடுச்சு. வீட்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

மகளுக்குச் சுருக்கென்றது.

"யாருக்கு அண்ணி மரை கழண்டுடுச்சு? எங்கப்பா இப்படி ஆயிட்டார்னு ஊர் முழுக்கத் தண்டோரா போடணுமா?"

அண்ணி திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், "இதை முடிச்சுட்டு வரேன்" என்று துளைகளுக்கே திரும்பிவிட்டாள்.

மகள் பையை எடுத்து அப்பாவின் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் பெட்டி வந்தது. அண்ணி சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, பித்தளை இன்சர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் துளையில் இறக்கினாள்.

"அந்த அயர்ன் அப்பாவோடதுதானே?" என்றாள் மகள். "ஸ்க்ரூட்ரைவரும் போச்சு, இதுவும் போச்சு. அவர் சாமானையெல்லாம் போட்டு மூடத்தானே இந்தப் பெட்டி? அவரையும் உள்ள வச்சு மூடிடுங்க!"

அண்ணியின் மூக்கு நுனியில் வியர்வை. கடைசி இன்சர்ட் நேராக இறங்கும்வரை மூச்சுகூட விடவில்லை. ஆறியதும் பெட்டிக்குள் எதையோ வைத்து, மூடி, ஸ்க்ரூ முடுக்கினாள். பிறகு பரண்மேல் ஒளித்து வைத்திருந்த ஸ்க்ரூட்ரைவரையும் எடுத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"வணக்கம் சார்."

எப்போதும் 'மாமா' என்பவள் 'சார்' என்றதும் மகளின் கை சட்டைமேல் அப்படியே நின்றது.

"என் ரேடியோ பாடலை. கொஞ்சம் பார்க்கறீங்களா?"

அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. "வைங்க, பார்த்துடலாம்."

அந்த விரல்களுக்கு எதுவும் மறந்திருக்கவில்லை. நாலு ஸ்க்ரூவும் வெளியே வந்தன. உள்ளே ஒரு பழைய ரேடியோவின் குடல், கரண்ட் கிடையாது. அப்பா தூசியை ஊதினார். ஒரு ஒயரைச் சரிசெய்தார். மூடி முடுக்கினார்.

"ஆயிடுச்சும்மா. கொண்டு போங்க."

அண்ணி வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "சார், மறுபடியும் பாடலை."

"அப்படியா? குடுங்க." அவர் சலித்துக்கொள்ளவே இல்லை. மறுபடி முதல் ஸ்க்ரூ.

அண்ணி மகளின் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள். "போன பெட்டியில நேரா பிளாஸ்டிக்லயே முடுக்கினேன். ரெண்டு நாள்ல மரை போய் ஸ்க்ரூ சும்மா சுத்துச்சு. 'கஸ்டமர் பொருளைக் கெடுத்துட்டேனே'ன்னு குழந்தை மாதிரி அழுதுட்டார். இந்தப் பித்தளை மரை எத்தனை தடவை கழட்டினாலும் தாங்கும்."

மகள் பாதி நிரம்பிய பையைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அப்பா முடுக்கி முடித்ததும் பெட்டியை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சார், இதுவும் பாடலை... கடை நாளைக்கும் இங்கதானே சார்?"