மாமியார் மாட்டிக்கொண்ட கொலுசு

குழந்தை உண்டாக ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்ட யாழிசையின் காலில் மருத்துவமனை ஒரு பேசும் கொலுசை மாட்டி அனுப்பியிருந்தது. அந்த ஊசியால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வந்துவிடக் கூடாதென்று, மணிக்கொரு தரம் "எந்திரிச்சு நடங்க" என்று அது நச்சரித்தது.

மாமியார் சுகுணாவுக்குப் பொறுக்கவில்லை. "கரு தங்கற நேரத்துல நடக்கறதாவது! நீ படு கண்ணு" என்று அதைக் கழற்றித் தன் காலில் மாட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது அறுபது வயசு ரத்தமுங்க. கால்ல உறைஞ்சே போயிருக்குது. ஆம்புலன்ஸ் வருது, உக்காருங்க" என்றது கொலுசு.

மருத்துவமனையில் உறைந்ததைக் கரைத்து, சுகுணாவுக்கும் ஒரு கொலுசு மாட்டி அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் அவருக்குச் சலித்துவிட்டது. "எனக்கும் சேர்த்து நீயே நடந்துரு கண்ணு" என்று கொலுசைக் கழற்றச் சொல்லிக் காலை நீட்டினார்.

"ஆள் மாறினா அது கண்டுபிடிச்சிருமுங்க அத்தை. எந்திரிங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தாள் யாழிசை.