பத்தொன்பது க்ளிக்

"இந்த நீலம் வேலை செய்யுதா, இல்ல தூங்குதாய்யா?" என்றார் அட்டைப்பெட்டிக் கம்பெனி முதலாளி.

கம்ப்யூட்டர் மெக்கானிக் பெருமூச்சு விட்டார். வைரஸ் தடுக்கும் சாஃப்ட்வேர் மூன்றை ஒரு மாத இலவசச் சோதனைக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். பெயர்கள் வாயில் நுழையாததால், முதலாளி அவற்றைச் சிவப்பு, பச்சை, நீலம் என்றே கூப்பிட்டார். இரண்டு நாளில் மாதம் முடிகிறது. மூன்றில் ஒன்றை வாங்கியாக வேண்டும்.

"சிவப்பைப் பாருங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்துது. உழைக்கிறது தெரியுது. நீலம் வாயே திறக்கல."

"திருடன் வந்தாத்தானே சார் பிடிக்கும்?"

"அப்போ ஒருத்தனை வரச் சொல்லுங்க!"

இப்படித்தான் அந்தப் போலி மெயில் தயாரானது. முதலாளி பெயரில், ஆபீசில் இருக்கும் நாலு பேருக்கும்.

'வரும் வழியில் மயங்கி விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வேறொருவர் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்புகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று தெரிய இங்கே க்ளிக் செய்யவும்.'

"உள்ள போனா வெறும் காலிப் பக்கம்தான் சார். ஆனா யார் க்ளிக் பண்ணாங்க, எது தடுத்ததுன்னு எனக்குத் தெரிஞ்சுடும்" என்றார் மெக்கானிக்.

மறுநாள் முதலாளி ஆபீசுக்குப் போகவில்லை. போனை அணைத்தார். யார் கூப்பிட்டாலும் எடுக்காதே என்று மனைவியிடமும் சொல்லிவிட்டு, மெக்கானிக் கடையில் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மூன்று மணிக்கு ரிப்போர்ட் வந்தது.

"மேனேஜர், டிசைனர், ரிசப்ஷன் பொண்ணு, மூணு பேரும் மெயிலைத் திறந்து படிச்சிருக்காங்க. யாருமே க்ளிக் பண்ணல சார்."

முதலாளிக்கு உச்சி குளிர்ந்தது. "எங்கிட்ட வேலை கத்துக்கிட்டவங்கய்யா! உஷாரா இல்லாம எப்படி?"

"ஸ்டோர்காரர் மட்டும் பத்தொன்பது தடவை க்ளிக் பண்ணியிருக்கார்."

"எத்தனை?"

"பத்தொன்பது. சிவப்பும் பச்சையும் கண்டுக்கவே இல்ல; பதினெட்டு தடவையும் நீலம்தான் சத்தமே இல்லாம தடுத்திருக்கு. பத்தொன்பதாவதுக்கு மனுஷன் நீலத்தையே அணைச்சுட்டு உள்ள போயிட்டார்."

ஸ்டோர்காரருக்கு முதலாளி வைத்திருந்த பெயர் 'எதிர்க்கட்சி'. பசை தீர்ந்தால் சண்டை. ஸ்டோர் ரூமில் மின்விசிறி நின்றால் சண்டை. லாரி தாமதமாக வந்தால் அதற்கும் முதலாளியிடம்தான் சண்டை. பத்து வருஷமாக அவரை வீட்டுக்கு அனுப்ப ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார் முதலாளி. இதோ, மனிதர் தானாக வந்து மாட்டிக்கொண்டார்.

"நீலத்தையே போட்டுடுங்க" என்று எழுந்து, அணைத்திருந்த போனை ஆன் செய்தார். எதிர்க்கட்சி இருபத்திரண்டு தடவை கூப்பிட்டதாகத் தகவல் வந்து விழுந்தது.

"பாருங்க, ஒரு நாள் நான் இல்லைன்னாக்கூட சண்டைக்கு ஆள் தேடுறான்!"

முதலாளி ஆபீசுக்குள் நுழைந்ததும் மூன்று பேரும் தூக்கிவாரிப் போட எழுந்தார்கள். ரிசப்ஷன் பெண் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"வாங்க சார்... இப்போ பரவாயில்லையா?" என்றார் மேனேஜர்.

"எனக்கென்ன? எதிர்க்கட்சி எங்கே?"

"காலைலயே வெளிய போயிட்டார் சார். அவசரமா ஓடினார்" என்றார் டிசைனர்.

"வேலை நேரத்துலயா? சரி, இனிமே ஓடிக்கிட்டே இருக்கட்டும். மேனேஜர், அவருக்கு ஒரு லெட்டர் டைப் பண்ணுங்க. இன்னியோட வேலை இல்லைன்னு."

மேனேஜரின் விரல்கள் உற்சாகமாக ஓடின. எதிர்க்கட்சி அவரையும் விட்டுவைத்ததில்லை.

முதலாளி நடந்துகொண்டே சொன்னார். "'அலுவலகப் பாதுகாப்பு விதிகளை மீறி...' போட்டாச்சா? '...இன்று காலை வந்த ஒரு போலி மெயிலை உண்மை என்று நம்பி, பத்தொன்பது முறை...'"

டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

"போலியா சார்?" என்றார் மேனேஜர்.

"பின்னே? நீங்க மூணு பேரும் கண்டுபிடிச்சதாலதானே க்ளிக் பண்ணல?"

டிசைனர் மேசை டிராயரைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

"இல்ல சார், நாங்க நிஜம்னு நினைச்சுத்தான்..." என்று ஆரம்பித்த ரிசப்ஷன் பெண், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேனேஜர், யாரும் சொல்லாமலே, டைப் பண்ணியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கு இப்போது நிஜமாகவே மயக்கம் வரும் போலிருந்தது.

போன் அடித்தது. எதிர்க்கட்சி. இருபத்து மூன்றாவது தடவை.

எடுத்தார்.

"சார்! ஒரு மனுஷன் போனை இப்படியா அணைச்சு வைப்பான்? கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாம்? ஆறு ஆஸ்பத்திரி ஏறி இறங்கிட்டேன். எங்க போய்க் கேட்டாலும் அப்படி யாரும் இல்லைங்கறாங்க!"

பத்து வருஷமாகக் கேட்ட அதே சண்டைக் குரல்தான். நடுவில் கொஞ்சம் உடைந்தது.

"எந்த வார்டு சார்?"