வலிக்கு மதிப்பெண்

தையலுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் அழுத்தினேன். நாய் பஷ்மக் முனகவில்லை.

இன்னொரு முறை அழுத்தினேன். மூக்கைப் போர்வைக்குள் நுழைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

முனகல் இல்லை, உறுமல் இல்லை, கடிக்க வரவில்லை. வலிக்கு மதிப்பெண் பூஜ்யம்.

சந்தோஷப்பட வேண்டிய எனக்குக் குழப்பமாக இருந்தது.

காலையில் நான்கு நாய்களுக்குப் பின்னங்காலில் அறுவைச் சிகிச்சை. அதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் முதுகுத்தண்டில் மரப்பு ஊசி போட்டாகிவிட்டது. எது மேல் என்று பார்க்கும் ஆய்வு இது: இரண்டுக்கு ஒரு மருந்து, இரண்டுக்கு வேறு மருந்து. எதற்கு எது என்று மதிப்பெண் போடுகிற என்னிடம் சொல்ல மாட்டார்கள். ஒன்றின் வீரியம் மதியத்துக்குள் தீர்ந்துவிடும், மற்றது இரவுவரை தாங்கும் என்பது மட்டும் தெரியும்.

மதியம் தாண்டிவிட்டது. இரண்டு நாய்களாவது அழ ஆரம்பித்திருக்க வேண்டும்.

நான்கு கூண்டிலும் பூஜ்யம்.

என் விரலில்தான் பலமில்லையோ. வலிக்கு மதிப்பெண் போடுவது பற்றி மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டேனோ. மதிப்பெண் ஏறினால்தான் அடுத்து வலி குறைக்கும் ஊசி போடலாம் என்பது விதி. நான் தவறினால் அந்த வலியை நாய் தனியாகத் தாங்க வேண்டும்.

ஆய்வை நடத்தும் டாக்டர் ஸெபெஹ்ரி, சர்க்கரைக்கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மறுபடி பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"நாய்க்கு வலிக்கலேன்னா உனக்கு ஏம்மா வலிக்குது?"

இரண்டு மருந்தும் சமம் என்றால் அதுவும் ஒரு முடிவுதான், சுலபமாகக் கிடைப்பதையே இனி எல்லா நாய்க்கும் போட்டுவிடலாம் என்றார்.

அப்போது பஷ்மக்கை வளர்க்கும் தவக்கோலி அம்மா பார்க்க வந்தார். கூண்டறைக்கு நெடுந்தூரம் இருக்கும்போதே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். என்னையும் கழற்றச் சொன்னார். ஏனென்று புரியாமலே கழற்றினேன்.

சத்தமில்லாமல் நடந்தோம்.

கதவருகே போனதும் கேட்டது. மெல்லிய, நீண்ட முனகல்.

அவர் கண் கலங்கியது. என் காதருகே குனிந்தார்.

"படியில காலடிச் சத்தம் கேட்டா மூச்சு விடக்கூடாதுன்னு குட்டியிலயே பழக்கிட்டோம்மா. கீழ் வீட்டுக்காரர் காதுல விழுந்தா போலீஸக் கூப்பிட்டுடுவாரு. நாயே வளக்கக்கூடாதுங்கற தெஹ்ரான்ல, அடுக்குமாடியில வேற எப்படி வளக்கறது?"

முனகல் பஷ்மக்கின் கூண்டிலிருந்து மட்டும் வரவில்லை. வேறெங்கிருந்தோ இன்னொன்றும் வந்தது. மூன்றாவதும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

நான்குமே அடுக்குமாடி வீட்டு நாய்கள்.

விதியை மறந்து, வலி ஊசி எடுக்க அலமாரியைத் திறந்தேன். கீல் லேசாகக் கிறீச்சிட்டது.

எல்லாக் கூண்டும் ஒரே நொடியில் அடங்கின.