புவாட் கடைத் தராசு

"எறங்க வாணாம்! ஒருத்தரும் எறங்க வாணாம்!"

பலாங்கொடை பழைய இரும்புக் கடைக்குள் டிரக்டர் நுழைந்ததுமே புவாட் முதலாளி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

டிரெய்லரில் இரும்புக் குவியல். அதன் மேல் தோட்டத்துப் பெண்கள் எட்டுப் பேர். முன்னால் டிரைவர் சுமன். அவன் பக்கத்தில் மட்கார்டில் தோட்டத் தலைவர் ஞானப்பிரகாசம்.

"பாத்தியாடா சுமன்? தோட்டத்து ஆளுக காலு அவன் மண்ணுல படக் கூடாதாம்."

"சேறா கெடக்குன்னு சொல்றாரோ என்னமோ, தலைவரே."

"எனக்குத் தெரியும்டா அந்தக் குடும்பத்த."

புவாட்டின் வாப்பா, முன்னொரு காலத்தில் ஞானப்பிரகாசத்தின் பித்தளை அண்டாவுக்கு நிறை குறைத்துவிட்டாராம். வாப்பா மௌத்தாகிப் பல வருசம். அண்டா இன்னும் ஞானப்பிரகாசத்தின் நெஞ்சிலேயே இருந்தது.

மட்கார்டிலிருந்து வேண்டுமென்றே குதித்து இறங்கினார் அவர்.

"நீங்களும் மேலயே இருந்திருக்கலாமே அண்ணே," என்றார் புவாட்.

"என் காலு. நான் எறங்குவேன்."

போன மாதக் காற்று பிள்ளைக் காம்பராவின் கூரையைத் தூக்கிப் போட்டுவிட்டது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகள், மழையில் ஒரு கிழிந்த படங்குக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தன. தோட்டத்து ஆபீசில் கேட்டால், பார்க்கலாம் என்றார்கள். அதனால் லயம் லயமாகப் போய், வீட்டுக்கு வீடு ஓட்டை வாளி, கட்டில் கால், உடைந்த குழாய் எல்லாம் சேர்த்தார்கள். ஒரு டன் இரும்பு போட்டால் கூரை முழுவதற்கும் புதுத் தகரம் தருவதாகப் புவாட் சொல்லியிருந்தார்.

தரையில் பதித்திருந்த தராசுத் தட்டில் டிரக்டரும் டிரெய்லரும் ஏறி நின்றன. புவாட் பாரத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு பெண்களிடம், "இப்ப எறங்குங்க. அந்தப் பக்கம் போய் பிளேன்டி குடிங்க," என்றார்.

கடை ஆட்கள் இரும்பை இறக்கினார்கள். டிரக்டரும் வெறும் டிரெய்லரும் மறுபடி தட்டில் ஏறின. புவாட் கழித்துப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஒரு டன்னத் தாண்டிருச்சி! தகரத்த ஏத்துங்கப்பா!"

பெண்கள் கை தட்டினார்கள். ஞானப்பிரகாசம் தட்டவில்லை.

"மொதலாளி, வெறும் டிரெய்லர நிறுக்கையில எங்க பொம்பளைகள ஏன் அந்தப் பக்கம் வெரட்டுனீங்க? ஒரு டன்னுன்னு சொல்லி வாயடைச்சிட்டு, மிச்சத்த அமுக்கவா?"

"அதான் வந்துருச்சில்ல தலைவரே. போவோம் வாங்க," என்றாள் தங்கம்மா. பிள்ளைக் காம்பரா ஆயா அவள்தான்.

"நீ சும்மா இரு. எல்லாத்தையும் திரும்ப ஏத்துங்க. நம்ம கண்ணு முன்னால சரியா நிறுக்கட்டும்."

புவாட்டின் குரல் இறங்கியது. "வாணாம் அண்ணே. பொம்பளைக பாவம். வேணும்னா இன்னும் ரெண்டு தகரம் சேத்துத் தாறேன்."

"கேட்டீங்களா எல்லாரும்? களவு இல்லாட்டி எதுக்கு ரெண்டு தகரம்?"

அவர் போட்ட சத்தத்தில், இரும்பு விற்க வந்திருந்தவர்கள் எல்லாம் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

தூறலில் நனைந்துகொண்டு பெண்கள் திரும்ப ஏற்றினார்கள். அவர்களில் கிறேஸின் உள்ளங்கையைக் குழாய் கீறிவிட்டது. சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு அவள் அடுத்த குழாயைத் தூக்கினாள்.

இந்த முறை பெண்கள் தரையில் நின்றார்கள். ஞானப்பிரகாசம் தராசின் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றார். முன்பு நிறுத்த வெறும் வண்டியின் பாரத்தைச் சுமன் போனில் கழித்துப் பார்த்தான். திரும்ப ஒருமுறை கழித்தான்.

"அரை டன்னுக்கு மேல கொஞ்சந்தான் வருது, தலைவரே."

"மீதி எங்கடா?"

சுமன் தலையைச் சொறிந்தான். "மீதி... கீழ நின்னு உங்களையே பாக்குது. மொத தடவ அவங்களோட சேத்துல்ல நிறுத்தது."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"மொதலாளி, நாளைக்கி என் மாமியார த்ரீவீல்ல ஏத்திட்டு வாறேன். எனக்கும் அப்பிடியே நிறுத்துத் தாங்க!" என்றது ஒரு குரல்.

"ஊருக்கு ஒரு தராசு, தோட்டத்துக்கு ஒரு தராசா?" என்றது இன்னொன்று. அதில் சிரிப்பில்லை.

"என் பிழைதான்," என்றார் புவாட், எல்லாருக்கும் கேட்கும்படி. "கவனிக்காம நிறுத்துட்டேன்."

ஞானப்பிரகாசத்தை அவர் பார்க்கவில்லை. அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க இனி என்ன செய்வது? பாதிக் கூரைக்கான தகரம்தான் டிரெய்லரில் ஏறியது.

தோட்டம் வந்து சேரும்வரை ஞானப்பிரகாசம் பின்னால் திரும்பவே இல்லை. பெண்கள் தகரத்தை இறக்கி வைத்துவிட்டு, அவரைச் சுற்றி விலகி லயத்துக்குப் போனார்கள். தங்கம்மா மட்டும் குழந்தைகளின் நனைந்த பாயைச் சுருட்டி, மழை விழாத மூலையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடமாவது ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது ஞானப்பிரகாசத்துக்கு.

"எட்டுப் பொம்பளைக மேல ஒக்காந்திருக்கிறது கண்ணுக்குத் தெரியல. அவனெல்லாம் ஒரு மொதலாளி!"

தங்கம்மா நிமிரவில்லை.

"தெரியாம இல்ல தலைவரே. இரும்பு பத்தாதுன்னு நேத்தே அவருகிட்ட போன்ல சொன்னேன். சும்மா குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்கன்னு, கனமான பொம்பளைகளாப் பாத்து ஏத்திட்டு வரச் சொன்னதே அவருதான்."