யானைப் படம் போட்ட பலகை

மலைச் சரணாலயத்துக்குள் போகும் சாலையில், மூங்கில் புதர் ஓரமாக ஒரு மஞ்சள் பலகை நின்றது. ‘யானைகள் கடக்கும் இடம்’ என்று எழுதி, கீழே யானைப் படமும் போட்டிருந்தார்கள். சாயங்காலமானால் யானைக் கூட்டம் அங்கேதான் சாலையைக் கடக்கும். பலகைக்கு அதில் ஏகப் பெருமை.

“பாத்தியா, நான் சொன்ன இடத்தை விட்டு அங்கே இங்கே நகராதுங்க” என்றது பக்கத்து மைல்கல்லிடம்.

“ஏன்யா, யானைக்குப் படிக்கத் தெரியுமா?”

“தெரியாதவங்களுக்குத்தானே படம்!”

ஒருநாள் சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் பலகையைப் பிடுங்கி, அடுத்த வளைவில் நட்டுவிட்டுப் போனார்கள். “இனிமே எல்லாரும் இங்கேதான் வரணும்” என்று பலகை நிமிர்ந்து நின்றது. யானைகளோ மூங்கில் புதர் வழியாகவே இறங்கின. வேகமாக வந்த ஒரு ஜீப் குட்டியின் வாலை உரசிக்கொண்டு போனது.

வளைவிலிருந்து எட்டிப் பார்த்த பலகை, “சொல்பேச்சு கேக்கலைன்னா இப்படித்தான்” என்றது.

மறுநாள் காலை குட்டியின் தாய் நேராகப் பலகையிடம் வந்தது. துதிக்கையால் வளைத்து ஒரே இழுப்பு. பழைய இடத்துக்கே தூக்கி வந்து, குழியில் செருகி, காலால் மண்ணை மிதித்துவிட்டது.

“உன்னைப் பாத்துத்தான் வண்டிக்காரங்க மெதுவாப் போனாங்க. இங்கேயே நில்லு” என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குள் போனது.

கோணலாக நின்ற பலகை மைல்கல்லைப் பார்த்துச் சிரித்தது.

“பாவம், எங்கே கடக்கிறதுன்னு தெரியாமத் தவிச்சுப்போச்சு. அதான் நேர்லயே வந்து என்னைக் கூட்டிட்டு வந்துடுச்சு.”